தகடு நாற்பத்தேழு

ஜூன் மாதம், லேடிஸ்மித் துறைமுகம்,
கடல் வற்றும் விடிகாலை நாலு மணி.
கல்லைப் புரட்டினால் அடியில் கிடக்கும்:
தவளைத் தலை, சளி பூத்த தோல்,
வயிற்றோரம் தைத்துவிட்ட பொத்தான்கள் போல ஒளிப்புள்ளி வரிசை.
கல்லின் அடிமுகத்தில் முட்டைகள், மஞ்சள் ஜவ்வரிசி.
தண்ணீர் போய்விட்டது.
அது போகவில்லை.

இதுதான் இரவெல்லாம் முனகியது.
படகுவீட்டு வில்ஃப் போன வருடம் நகரசபைக்கு எழுதினார்,
யாரோ ஜெனரேட்டரை அணைக்காமல் தூங்குகிறார்கள் என்று.
நான் மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கிக் கேட்டிருக்கிறேன்.
ஒரே சுருதி, ஒரு மணி நேரம்,
பெட்டியை அணைக்க மறந்து
வித்துவான் வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி.

என் வேலை நனைமோவில், ஜன்னலில்லாத அறையில்.
மெழுகில் பதித்த பட்டாணியளவு மூளை.
தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாமல்
சீவிச் சீவித் தகட்டில் ஏற்றி
ஊதாச் சாயத்தில் முக்கி எடுப்பேன்.
பின்மூளை முடிந்து தண்டுவடம் தொடங்கும் இடத்தில்
நடுக்கோட்டின் இருபுறமும் ஒரு கூட்டம் அணுக்கள்.
முனகல் அங்கே பிறக்கிறது.
பாடுகிறவனுக்கு அவை நாவற்பழமாய்ப் பருத்திருக்கும்.
பெண்ணுக்கு மிளகு.

பாடுகிறவன்.
எழுதிய கை கொஞ்சம் கூசுகிறது.
தமிழில் மீன் வந்தது, மீன் போனது, அவ்வளவுதான்.
யானைக்குக் களிறும் பிடியும் உண்டு,
கோழிக்குச் சேவலும் பெட்டையும்.
சுறாவுக்குக்கூட ஏறு என்று ஒரு சொல்லை
யாரோ கடற்கரையில் நின்று யோசித்திருக்கிறார்கள்.
இந்தப் பொத்தான்காரனுக்கு,
பாருங்கள், மறுபடியும்.

மார்கிட்டின் விதி: அளக்கிறவருக்கு எண் மட்டும் தெரியலாம்.
வயிற்றில் இருந்தது வேறு ஜாடியில்,
ஜாடிகளின் பட்டியல் அவள் மேசையில், பூட்டோடு.
நான் அணுவை அளந்து ஒரு கட்டத்தில் எழுத வேண்டும்,
ஆணா, பெண்ணா.
நாற்பத்தேழில் எல்லாம் மிளகு, அழகான சீர்.
பெண் என்று எழுதினேன்.
பேனா தயங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை பட்டியலைத் திறந்தோம்.
நாற்பத்தேழு ஆண்.
கல் பிடிக்காத, முட்டை காக்காத, பாடாத, விரல்நீள ஆண்.
வேறொன்று தொண்டை வற்ற அழைத்து
பெண் வந்து நுழையும் நேரம்
கூடவே நழுவி, தன் விந்தைத் தூவிவிட்டு
வந்த வழியே ஓடுகிற ஆண்.
அந்த உடம்புக்குத் துளியும் பொருந்தாத பெரிய விதைப்பை.

“பெண் வேஷம்” என்று மார்கிட் சிரித்தாள்.
வேஷம் என்றால் உள்ளே வேறு முகம் இருக்க வேண்டும், மார்கிட்.
நான் சீவிப் பார்த்தது உள்ளேதான்.

அன்று அவள் இன்னொரு சாயத்தைக் காட்டினாள்.
அதே இடத்தைச் சுற்றி ஒரு நொதி,
ஆண்சுரப்பைப் பெண்சுரப்பாய் மாற்றியபடி,
முதிர்ந்த மீனிலும் ஓயாமல்.
பெண்ணின் கதை வேறு. பனிக்காலத்தில் அதற்கு
அந்தப் பாட்டில் பாதிதான் கேட்குமாம்.
முட்டை பழுக்கும்போது
காதும் பழுக்கிறது.

ஞாயிறு, படகுத்துறை.
“கத்துவது அவனா, அவளா?” என்றார் வில்ஃப்,
காதில் பஞ்சோடு.
அவன் என்றேன், அவர் மொழியில்.
வீடு திரும்பும் வழியில் என் மொழியில் சொல்லிப் பார்த்தேன்:
அது பாடுகிறது.
அது கேட்கிறது.
அது சும்மா பக்கத்தில் கிடக்கிறது.
மூன்றும் ஒரே சொல்லில் நெருக்கியடித்து நின்றன.
யார் முட்டையைக் காக்கிறார்கள் என்று
அதில் தெரியவில்லை, அதுவும் உண்மைதான்.

திங்கட்கிழமை பதிவேட்டைத் திருத்தினேன்.
ஆய்வகத்தில் அழிக்கும் திரவம் கூடாது.
ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும்,
பழைய சொல் கீழே படிக்கத் தெரிய வேண்டும்,
ஓரத்தில் தேதி, கையெழுத்து.
அப்படியே செய்தேன்.
தெரிகிறது.